ஜோசப் வீலர்: இரண்டு ராணுவத்துக்கு ஜெனரல் (விவாத இழை)

#1 ஏடுபுரட்டி

வணக்கம் மக்களே. ஃபாரஸ்ட் இழை அடிதடியில் போய் முடிந்ததால் மட்டுறுத்துநர் பூட்டிவிட்டார். அங்கே பாதியில் நின்ற ஒரு பேச்சை மட்டும் இங்கே தனியாக எடுக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்திய கான்ஃபெடரேட் தரப்பின் (நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின்) குதிரைப்படை ஜெனரல்களில் எனக்கு இன்னும் பிடிபடாத ஆள் ஃபாரஸ்டும் இல்லை, ஸ்டூவர்ட்டும் இல்லை. ஜோசப் வீலர். 1861இல் அமெரிக்க ராணுவ வேலையை உதறினார். நாலு வருடம் அதே ராணுவத்தின் சரக்கு வண்டிகளைத் தேடித் தேடி எரித்தார். பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். பிறகு பருத்தி விவசாயம், வக்கீல் தொழில், பிரதிநிதிகள் சபை. 1898இல் 61 வயதில் அதே அமெரிக்க ராணுவத்துக்கு மேஜர் ஜெனரலாகிக் கியூபாவில் போய் இறங்கினார். இன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இருக்கிறார்.

என் கேள்வி: நாடு இவரை மன்னித்ததா, அல்லது அந்த நேரத்துக்கு இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டாரா?

போருக்கு முந்தைய கதையை நானே சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1836 செப்டம்பர் 10, ஜார்ஜியா மாநிலம் அகஸ்டா பக்கம். தென்மண்ணில் வேரோடிய குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பூர்வீகம் வடக்கே, நியூ இங்கிலாந்து. அம்மாவைப் பெற்ற தாத்தா வில்லியம் ஹல். 1812 போரில் டெட்ராய்ட் கோட்டையைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்ததற்காக ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, அதிபர் மேடிசன் உயிர்ப்பிச்சை கொடுத்தாரே, அதே ஹல். வீலருக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். பையன் வளர்ந்ததில் பெரும்பகுதி கனெக்டிகட்டில், அத்தை சித்திமார் ஆதரவில்.

1854இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. அப்போது அங்கே ஐந்து வருடப் படிப்பு. 1859இல் தேறிய 22 பேரில் இவர் 19ஆவது. குதிரைப்படைப் பாடத்தில்தான் மார்க் படுமோசம் என்பதை இவரைப் பற்றி எழுதுகிற யாரும் சொல்லாமல் விடுவதில்லை. ஆளும் குள்ளம், ஐந்து அடி ஐந்து அங்குலம். அங்கிருந்து பென்சில்வேனியாவின் கார்லைல் குதிரைப்படைப் பள்ளி, பிறகு நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் கிரெய்க். போகிற வழியில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்காக வண்டித்தொடரை விட்டு ஒரு வண்டி பின்தங்கியது. அதற்குக் காவலாக நின்ற வீலர், தாக்க வந்த அப்பாச்சிகளை எதிர்த்து முன்னே பாய்ந்தார். ‘சண்டைக்கார ஜோ’ என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டியது. சாகும்வரை போகவில்லை.

வடக்கில் வளர்ந்த பையன், இரண்டு வருடம்கூட முழுசாக ஓடாத வேலை. ஜார்ஜியா பிரிந்ததும் ராஜினாமா. ஏன்? பிறந்த மாநிலம் கூப்பிட்டது என்பதற்கு மேல் அவர் பெரிதாக விளக்கம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கடிவாளம் சார் வந்து போர்ப் பகுதியைத் தொடரட்டும்.

#2 வெட்டிப்பேச்சு

குதிரைப் பாடத்தில் பெயில் ஆனவர் குதிரைப்படை ஜெனரல். எங்க பொறியியல் கல்லூரி நினைவுக்கு வருது.

#3 கடிவாளம்

பெயில் இல்லை தம்பி, கடைசி வரிசை. அதைவிட வேடிக்கை, 1863இல் தெற்கு ராணுவத்துக்குக் குதிரைப்படைப் பயிற்சிக் கையேடு எழுதியதும் இவரேதான்.

போர்ப் பகுதிக்கு வருகிறேன். முதலில் இவர் குதிரைப்படையிலேயே இல்லை. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பீரங்கிப் பிரிவில் லெப்டினன்டாக இருந்தவரை அங்கிருந்த தெற்குத் தளபதி ஜெனரல் பிராக் கவனித்தார். அங்கிருந்து ஒரே தாவு, 1861 செப்டம்பரில் 19ஆவது அலபாமா காலாட்படைக்குக் கர்னல். வயது 25ஐ ஒட்டி. 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் அந்தப் படையை நன்றாகவே நடத்தினார். அதே கோடையில் பிராக் தன் குதிரைப்படை முழுவதையும் இவர் கையில் கொடுத்தார். அக்டோபரில் பிரிகேடியர், 1863 ஜனவரியில் மேஜர் ஜெனரல். அப்போது 26 வயதுதான்.

இவர் என்ன செய்தார் என்று புரிய, அந்தக் காலத்துப் படை எதை நம்பி ஓடியது என்று பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் பேர் இருக்கும் படைக்குத் தினமும் சாப்பாடு, தோட்டா, கழுதைக்குத் தீனி வந்துகொண்டே இருக்க வேண்டும். ரயில் போகும் இடம் வரை ரயில், அதற்கப்புறம் மாட்டுக்கும் கழுதைக்கும் பின்னால் மைல் கணக்கில் நீளும் வண்டி வரிசை. வீலரின் வேலை அந்த வரிசையின் வாலைக் கடிப்பது. 1862 டிசம்பர் கடைசியில் ஸ்டோன்ஸ் ரிவர் போர் தொடங்கும் நேரத்தில், வடக்குத் தளபதி ரோஸ்கிரான்ஸின் படையை முழுச் சுற்றுச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான வண்டிகளைக் கொளுத்தினார்.

1863 அக்டோபர் இன்னும் பெரிசு. சிக்கமாகாவில் தோற்ற வடக்குப் படை சட்டனூகா நகரத்துக்குள் முடங்கிக் கிடந்தது. உள்ளே உணவு போக ஒரே மலைப்பாதை. வீலர் டென்னசி ஆற்றைத் தாண்டி சீக்வாச்சி பள்ளத்தாக்கில் ஆண்டர்சன் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் அந்த வண்டித்தொடரைப் பிடித்தார். நூற்றுக்கணக்கில் வண்டிகள் எரிந்தன. கழுதைகளை வாளால் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். நகரத்துக்குள் இருந்தவர்கள் அரைவயிற்றுக்கும் கீழே இறங்கினார்கள்.

ஆனால் ஒன்று. திரும்பி வருகிற வழியில் ஃபார்மிங்டனில் செமத்தியாக அடி வாங்கினார். இவருடைய எல்லாப் பாய்ச்சல்களுக்கும் இதுதான் சாயல்: போகும்போது புயல், திரும்பும்போது குதிரைகள் நொண்டி, ஆட்கள் பாதி காணோம். முழுப்படையின் கண்ணாக இருந்து எதிரி எங்கே என்று சொல்வதில் கெட்டிக்காரர். தனியாக அவிழ்த்துவிட்டால் ஃபாரஸ்ட் அளவுக்கு வராது. 1863 பிப்ரவரியில் டோவர் என்ற ஊரைத் தாக்கித் தோற்றபோது, இனி உன் கீழே சண்டை போடுவதைவிடச் சவப்பெட்டியில் படுத்துக்கொள்வேன் என்று ஃபாரஸ்ட் நேருக்கு நேர் சொன்னதாகக் கதை. வீலர் அதற்குக் கோபப்படவில்லை, தோல்விக்குப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார் என்பார்கள். அந்தக் குணம்தான் பிற்பாடு அரசியலில் இவருக்குச் சோறு போட்டது என்பது என் எண்ணம்.

#4 பொன்னி

கடிவாளம் சார், கழுதை எரிந்ததெல்லாம் சரி. 1864 டிசம்பர் 9ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே.

தெரியாதவர்களுக்காக: வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து சவானா கடற்கரைக்கு நடந்த அந்தப் புகழ்பெற்ற நடை. எதிரே நிற்கத் தெற்கிடம் பெரிய படை எதுவும் இல்லை, வீலரின் குதிரைப்படைதான் விடாமல் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. ஷெர்மன் படைக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் நடந்தது. தோட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், மூட்டை முடிச்சு.

சவானாவுக்கு வடக்கே எபனேசர் ஓடை. டிசம்பர் குளிரில் வெள்ளம் ஓடுகிறது. வடக்குப் படையின் 14ஆவது கோர் (பெரிய படைப்பிரிவு) மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. அதன் தளபதி ஜெஃபர்சன் சி. டேவிஸ் (தெற்கு அதிபரின் பெயரேதான், ஆள் வேறு). சிப்பாய்கள் கடந்து முடித்ததும், ‘நீங்கள் அப்புறம் வரலாம்’ என்று ஓரமாக நிறுத்தி வைத்திருந்த அந்த மக்களுக்கு முன்னாலேயே பாலத்தை உருவி எடுத்துவிட்டார்கள். பின்னால் வீலரின் குதிரைகள். மக்கள் தண்ணீரில் குதித்தார்கள். மரக்கட்டையைத் தள்ளிவிட்டுச் சில சிப்பாய்கள் காப்பாற்றப் பார்த்தார்கள். எத்தனை பேர் மூழ்கினார்கள் என்பதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

கரையில் நின்றுவிட்டவர்கள் வீலரின் ஆட்கள் கையில் சிக்கினார்கள். அவர்களை உடைமையாளர்களிடம் திருப்பி அனுப்பினோம் என்று வீலரே தன் அறிக்கையில் எழுதுகிறார், ஒரே வரியில், தவறிப்போன பொருளைச் சேர்ப்பித்த மாதிரி.

பாலத்தை உருவியது வடக்கின் பாவம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாஷிங்டன்வரை கூச்சல் போய், போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் சவானாவுக்கே வந்தார். 1865 ஜனவரி 12 அன்று கறுப்பினப் போதகர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்கள், நிலம் வேண்டும் என்றார்கள். அடுத்த நாலு நாளில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் என்ற ஷெர்மனின் 15ஆம் ஆணை வந்தது. அது சில மாதத்தில் ரத்தானது தனிக்கதை. ஆனால் ‘நாடு மன்னித்ததா’ என்று ஏடுபுரட்டி கேட்கும்போது, மன்னிக்கிற உரிமை யாருக்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது.

#5 கடிவாளம்

> 1864 டிசம்பர் 9ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே.

தாண்டவில்லை அம்மா, அங்கே போய்க்கொண்டுதான் இருந்தேன்.

இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். அந்த ஜார்ஜியா நடையில் தெற்கத்திய வெள்ளைக் குடியானவர்களே ஷெர்மனின் ஆட்களைத் திட்டிய அதே வாயால் வீலரின் ஆட்களையும் திட்டினார்கள். சம்பளம் இல்லை, தீனி இல்லை, வழியில் இருந்த களஞ்சியத்தில் கை வைத்தார்கள். புகார் குவிந்து, 1865 ஜனவரியில் ஆல்ஃபிரட் ரோமன் என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்தார். படையில் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, தளபதி நல்ல மனிதர், ஆனால் கண்டிப்புப் போதாது என்பது அவருடைய கருத்தின் சாரம். பிப்ரவரியில் தென் கரோலினாவின் வேட் ஹாம்ப்டனை லெப்டினன்ட் ஜெனரலாக்கி இவர் தலைக்கு மேல் உட்கார வைத்தார்கள். வீலர் முணுமுணுக்காமல் ஹாம்ப்டனின் கீழே கடைசிவரை சண்டை போட்டார். 11ஆம் தேதி எய்க்கன் ஊரில் வடக்கு ஜெனரல் கில்பாட்ரிக்கின் குதிரைப்படையை மடக்கியது அந்தச் சமயத்தில்தான்.

1865 மே மாதம் ஜார்ஜியாவில் கான்யர்ஸ் பக்கம் பிடிபட்டார். கைதிக் கப்பலில் கூடப் போனவர்கள் யார் தெரியுமா? தெற்கு அதிபர் ஜெஃபர்சன் டேவிஸும் துணை அதிபர் ஸ்டீஃபன்ஸும். வீலரை டெலவேர் கோட்டையில் தனிக்கொட்டடியில் அடைத்தார்கள். ஜூன் 8 விடுதலை. வயது 28.

மொத்தப் போரில் இவர் ஏறியிருந்த குதிரைகளில் 16 செத்தன என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்.

#6 வெட்டிப்பேச்சு

28 வயசுல ரிட்டையர்டு ஜெனரல். அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணாரு?

#7 ஆற்றங்கரையான்

இந்தக் கேள்விக்கு நான் வரலாம். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் பக்கம்தான் குடியிருக்கிறேன். இங்கே வீலர் பெயரைத் தவிர்க்கவே முடியாது. வீலர் அணை, வீலர் ஏரி, ஜோ வீலர் மாநிலப் பூங்கா. சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது.

1863 அக்டோபர் பாய்ச்சல் முடிந்து டென்னசி ஆற்றைத் தாண்டி வடக்கு அலபாமாவில் படை இளைப்பாறியபோதுதான் டேனியெல்லா ஷெராட் என்ற இளம் விதவையைச் சந்தித்தார். 1866இல் கல்யாணம். முதலில் நியூ ஆர்லியன்ஸில் இரும்புச் சாமான், வண்டி வியாபாரம். நாலைந்து வருடத்தில் அதை மூட்டை கட்டிவிட்டு மனைவியின் ஊருக்கே வந்து சேர்ந்தார். லாரன்ஸ் கவுன்டியில் பாண்ட் ஸ்பிரிங். பருத்தியும் போட்டார், சட்டமும் படித்து வக்கீலாகவும் ஆனார்.

ஷெராட் குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. போருக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒன்று. 1830களில் டஸ்கம்பியாவிலிருந்து டெக்கட்டூருக்கு ரயில் பாதை போட்டதில் மூத்த ஷெராட்டுக்குப் பெரிய பங்கு. மஸல் ஷோல்ஸ் பாறைகளில் படகு போக முடியாததால் பருத்தியை அப்படிச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பாண்ட் ஸ்பிரிங் வீடு இப்போது மாநில வரலாற்று ஆணையத்திடம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நெடுஞ்சாலை 20இல் டெக்கட்டூரிலிருந்து மேற்கே போனால் இரண்டு பக்கமும் பருத்தி வயல், நடுவே பெரிய மரங்கள். வீலர் கட்டிய வீடு ஆடம்பரமே இல்லாத வீடு, மர மாடி, அகலத் திண்ணை. அதை ஒட்டிப் பழைய ஷெராட் வீடு. கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கட்டை வீடு, நடுவில் காற்றுப் போகத் திறந்த நடை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை. குடும்பக் கல்லறை ஒரு பக்கம், கறுப்பினத்தவர் கல்லறை இன்னொரு பக்கம். அடிமையாக இருந்தவர்களும் பிள்ளைகளும் போருக்குப் பிறகு அதே நிலத்தில் பங்குக் குத்தகைக்கு உழுதார்கள். விதைக்கும் கழுதைக்கும் கடன், அறுவடையில் பாதி முதலாளிக்கு, மீதியில் கடன் கழிவு. இது பள்ளத்தாக்கு முழுக்க இருந்த ஏற்பாடு.

#8 சட்டப்புள்ளி

அரசியல் பகுதியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் ருசி.

1880 தேர்தலில் அலபாமாவின் 8ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வீலர். எதிரே வில்லியம் லோ, கிரீன்பேக் கட்சி. லோவும் கான்ஃபெடரேட் ராணுவத்து ஆள்தான், ஆனால் ஏழை வெள்ளைக்காரர்களும் கறுப்பினத்தவரும் சேர்ந்து அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். வீலர் ரொம்பச் சின்ன வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். எப்படி? லோவுக்கு விழுந்த நூற்றுக்கணக்கான சீட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதால். ஓட்டுச் சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக, எந்தக் குறியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாநிலத்தில் புதிதாக ஒரு சட்டம். லோ தரப்புச் சீட்டில் தொகுதி எண் அச்சாகியிருந்தது. அவ்வளவுதான் குற்றம்.

லோ விடவில்லை. வழக்கு சபைக்கே போனது. 1882 ஜூனில் வீலரை எழுப்பிவிட்டு லோவை உட்கார வைத்தார்கள். அக்டோபரில் லோ இறந்துவிட்டார். மிச்சமிருந்த சில வாரங்களுக்கு இடைத்தேர்தல் வைத்தார்கள், வீலரே ஜெயித்தார். பிறகு 1885 முதல் 1900 வரை தொடர்ச்சியாக அவர்தான்.

அந்தச் சீட்டுக் கதையை வைத்துப் பார்த்தால், போருக்குப் பிந்தைய தெற்கில் பதவி எப்படித் திரும்பக் கைக்கு வந்தது என்று தெரியும். ஹாம்ப்டன் 1876இல் தென் கரோலினாவில் ஆளுநர் பதவிக்கு நின்றபோது செஞ்சட்டைக்காரர்கள் (அவரை ஆதரித்த வெள்ளைக்கார ஆயுதக் கும்பல்) துப்பாக்கியோடு சுற்றினார்கள். வீலருக்கு அது தேவைப்படவில்லை, அச்சு மை போதுமாக இருந்தது.

நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு. வடக்கு ஜெனரல் ஃபிட்ஸ் ஜான் போர்ட்டரை 1863இல் ராணுவ நீதிமன்றம் பதவி நீக்கியது அநியாயம் என்று சபையில் வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் வீலர். 1886இல் போர்ட்டருக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. பழைய எதிரிக்காகப் பேசியதில் வடக்கத்தியர்களிடம் இவர் பெயர் ஏறியது. டென்னசி ஆற்றில் படகுப் போக்குவரத்துக்கும் விடாமல் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். அணைக்கு இவர் பெயர் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

#9 ஏடுபுரட்டி

சட்டப்புள்ளி அருமை. இப்போது 1898க்கு வருவோம், என் கேள்வியின் முடிச்சு அங்கேதான்.

ஏப்ரலில் கியூபாவை வைத்து ஸ்பெயினோடு போர். அதிபர் மெக்கின்லி வடக்கு ராணுவத்தில் மேஜராக இருந்தவர். அவர் மே மாதம் வீலரைத் தன்னார்வப் படைகளின் மேஜர் ஜெனரலாக நியமித்தார். தெற்கின் புகழ்பெற்ற தளபதி ராபர்ட் லீயின் அண்ணன் மகன் ஃபிட்ஸ்ஹ்யூ லீக்கும் அதே பதவி. அவரும் பழைய கான்ஃபெடரேட் குதிரைப்படை ஜெனரல், வெர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர், போர் தொடங்கும்வரை ஹவானாவில் அமெரிக்கத் தூதர். பழைய கான்ஃபெடரேட் அதிகாரிகளுக்கு ராணுவத்தில் பதவி கூடாது என்ற தடை 1896இல்தான் நீங்கியிருந்தது. வீலர் கியூபாவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த ஜூன் 6ஆம் தேதி, அரசியல் சாசனத்தின் 14ஆம் திருத்தம் தெற்கத்தியர்மேல் வைத்திருந்த கடைசித் தகுதி நீக்கத்தையும் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது.

ஜூன் 22 கியூபாவின் தைகிரியில் இறங்கினார்கள். மேலதிகாரி ஷாஃப்டர் கடற்கரையிலேயே நில்லுங்கள் என்ற போக்கில் இருந்தார். வீலர் முந்திக்கொண்டு 24ஆம் தேதி லாஸ் குவாசிமாஸில் சண்டையைத் தொடங்கிவிட்டார். ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவான படை, 16 பேர் இறந்தார்கள். ஸ்பானியர் எப்படியும் பின்வாங்க இருந்த இடம் அது என்று அப்போதே சிலர் குறை சொன்னார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்த வீலர், ‘விடாதீங்கடா, அந்த யாங்கிப் பசங்க மறுபடி ஓடுறானுங்க’ என்று கத்தினாராம் (யாங்கி என்றால் வடக்கத்தியர், பழைய போரின் எதிரி). உண்மையோ இல்லையோ, இந்தக் கதை ஒரே வாரத்தில் நாடெங்கும் பரவி எல்லாரையும் சிரிக்க வைத்தது. முப்பது வருடம் முன்னால் இதே கதைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

#10 கடிவாளம்

ராணுவக் குறிப்பு ஒன்று. ‘குதிரைப்படை டிவிஷன்’ என்று பெயர்தான், குதிரை இல்லை. கப்பலில் இடம் போதாமல் ஃபுளோரிடாவின் டாம்பாவிலேயே விட்டுவிட்டார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் சில. பிற்பாடு அதிபரான கர்னல் ரூஸ்வெல்ட்டின் ரஃப் ரைடர்ஸ் என்ற தன்னார்வப் படை உட்பட எல்லாரும் நடந்துதான் குன்று ஏறினார்கள். ஜூலை 1 சான் ஹுவான் போரன்று வீலருக்குக் காய்ச்சல், படையை ஜெனரல் சம்னர் நடத்தினார். பகலில் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஷாஃப்டர் படையைப் பின்னுக்கு எடுக்கலாமா என்று யோசித்தபோது, கூடாது என்று உறுதியாகச் சொன்னவர்களில் இவர் ஒருவர். சான்டியாகோ சரணடைவுப் பேச்சில் அமெரிக்கத் தரப்பின் மூன்று ஆணையர்களில் ஒருவராகவும் உட்கார்ந்தார்.

#11 பொன்னி

அந்த டிவிஷனில் இருந்த ரெஜிமென்ட்களின் பெயரைச் சொல்லுங்கள் சார். நானே சொல்கிறேன்: 1, 3, 6, 9, 10ஆவது குதிரைப்படைகள், கூட ரஃப் ரைடர்ஸ். இதில் 9ம் 10ம் கறுப்பினச் சிப்பாய்களின் படைகள். எபனேசர் ஓடைக்கரையில் மனிதர்களைப் பிடித்து உடைமையாளரிடம் அனுப்பியவரின் கீழே, அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் அமெரிக்கச் சீருடையில். லாஸ் குவாசிமாஸில் 10ஆவது படையினர் முன்வரிசையில் இருந்தார்கள். சான் ஹுவான் ஆற்றில் மூழ்கவிருந்த காயம்பட்ட தோழனைக் குண்டுமழையில் இழுத்து வந்த சார்ஜன்ட் மேஜர் எட்வர்ட் பேக்கர் அந்தப் படைதான், பிறகு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வாங்கினார்.

அதே 1898 நவம்பர் 10, வட கரோலினாவின் வில்மிங்டனில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியை வெள்ளைக் கும்பல் துப்பாக்கி முனையில் கவிழ்த்தது. கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டார்கள், வாஷிங்டனிலிருந்து ஒரு படையும் வரவில்லை. 1901இல் அலபாமாவின் புது அரசியல் சாசனம் கறுப்பினத்தவர் ஓட்டை ஏறக்குறைய துடைத்தே எடுத்தது.

வடக்கும் தெற்கும் கைகுலுக்கின, உண்மை. நடுவில் இருந்தவனைக் கேட்காமல் குலுக்கின. வீலர் அதற்கு மேடை முகம். நல்ல சிரிப்பு, வெள்ளைத் தாடி, குள்ள உருவம், வீரம். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்த ஃபாரஸ்ட் முகத்தை அந்தச் சுவரொட்டியில் போட முடியுமா?

#12 வெட்டிப்பேச்சு

அக்கா சொல்றது கனமா இருக்கு, ஒரு லைட்டான கதை சொல்லிட்டுப் போறேன். 1902இல் வெஸ்ட் பாயின்ட் நூற்றாண்டு விழா. வீலர் அமெரிக்க ராணுவத்தோட நீலச் சீருடையில் வந்தாராம். அங்கே வயசான லாங்ஸ்ட்ரீட், அவரும் பழைய கான்ஃபெடரேட் ஜெனரல். இவரைப் பார்த்து, ‘ஜோ, கடவுள் உனக்கு முன்னாடி என்னைக் கூட்டிக்கணும். நீ நீலச் சட்டையோட நரகத்துக்கு வரும்போது ஜூபல் எர்லி உன்னைத் திட்டுறதை வாசல்லயே நின்னு கேக்கணும்’னாராம். எர்லியும் பழைய தெற்கு ஜெனரல், 1894லயே போய்ச் சேர்ந்துட்டாரு, கடைசிவரை வடக்கை மன்னிக்காத மனுஷன். பல பேர் பல மாதிரி சொல்ற கதை. நல்லா இருக்கில்ல?

#13 சட்டப்புள்ளி

கதை நல்லா இருக்கு. லாங்ஸ்ட்ரீட் அதைச் சொன்னதில் ஒரு கூடுதல் காரம்: போர் முடிந்ததும், அப்போது வடக்கின் கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியில் சேர்ந்து, தெற்கில் துரோகிப் பட்டம் வாங்கியவர் அவர். எர்லிதான் அவரை அதிகம் திட்டியதும்.

இதற்கிடையில் ஒரு சட்டச் சிக்கல். கியூபாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதும் வீலர் சபை உறுப்பினர் பதவியை விடவில்லை. ராணுவப் பதவி ஏற்றதும் சபை இடம் காலியாகிவிட்டது என்று நீதிக்குழு அறிக்கை கொடுத்தது. சபை அதை எடுத்துப் பேசவே மறுத்துவிட்டது. போர் வீரரை வெளியே போ என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

#14 ஆற்றங்கரையான்

குடும்பப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மகள் ஆனி செவிலியாகக் கியூபாவுக்குப் போனாள், பிறகு பிலிப்பைன்ஸ், முதல் உலகப் போரில் பிரான்ஸ். கியூபாவிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் மலேரியாவோடும் மஞ்சள் காய்ச்சலோடும் நியூயார்க்கின் மான்டாக் முகாமில் கிடந்தார்கள், வீலர் அங்கே பொறுப்பு. கடற்படைப் பயிற்சியில் இருந்த கடைசி மகன் தாமஸ் அப்பாவைப் பார்க்க அங்கே வந்தான். செப்டம்பரில் கடலில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். ஸ்பானியக் குண்டுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிய குடும்பம்.

அடுத்த வருடமே பிலிப்பைன்ஸில் ஜெனரல் ஆர்தர் மக்ஆர்தரின் கீழே ஒரு பிரிகேடுக்குத் தலைமை ஏற்கப் போனார். 1900 ஜனவரிவரை லூசானில். அங்கே சுதந்திரம் கேட்டவர்களை ஒடுக்குகிற போர் அது. அந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. ஜூனில் நிரந்தர ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் பதவி, செப்டம்பர் 10, 64ஆம் பிறந்தநாளன்று ஓய்வு. 1906 ஜனவரி 25 புரூக்ளினில் காலமானார். ஆனி பாண்ட் ஸ்பிரிங் வீட்டில் 1955வரை வாழ்ந்தாள். வீட்டில் பழைய சாமான்கள் அப்படியே மிஞ்சியதற்கு அவள்தான் காரணம்.

#15 ஏடுபுரட்டி

பொன்னி சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். வீலர் வெறும் மேடை முகம் இல்லை, தன் பங்கைத் தெரிந்தே நடித்தவர். 1894இல் சபையில் அடிமை முறையையும் மாநில உரிமையையும் பற்றி நீளமாகப் பேசினார். பிரிந்துபோகும் உரிமையை முதலில் பேசியவர்கள் நியூ இங்கிலாந்துக்காரர்கள்தான் என்று பழைய ஆவணங்களை அடுக்கினார். 1899இல் வெளியான கான்ஃபெடரேட் ராணுவ வரலாற்றுத் தொகுதிகளில் அலபாமா பகுதியை எழுதியதும் அவரே. நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மாஸ்பியை ஒப்பிடுங்கள். ஜெனரல் இல்லை, கர்னல். ஆனாலும் தெற்குக் குதிரைப்படையில் புகழ்பெற்றவர். போருக்குப் பின், வடக்கு ஜெனரலாக இருந்து அதிபரான கிராண்ட்டை ஆதரித்து சொந்த ஊரில் பகையைச் சம்பாதித்து ஹாங்காங்குக்குத் தூதராகப் போனார். 1907இல் பழைய தோழருக்கு எழுதிய கடிதத்தில், தெற்கு சண்டை போட்டது அடிமை முறைக்காகத்தான், அதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டார். அதற்காக வெட்கப்படுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, சிப்பாய் தன் நாட்டுக்காகச் சண்டை போடுவான் என்றார். ஆனால் மழுப்பவில்லை. மாஸ்பிக்கு அணையும் இல்லை, நாடாளுமன்றத்தில் சிலையும் இல்லை.

#16 வெட்டிப்பேச்சு

நாடாளுமன்றத்துல சிலையா? வீலருக்கா?

#17 ஆற்றங்கரையான்

ஆமாம் தம்பி. வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலை வைக்கலாம். அலபாமா 1925இல் வீலரின் வெண்கலச் சிலையைக் கொடுத்தது. சிலையில் அவர் போட்டிருப்பது நீலம் இல்லை, கான்ஃபெடரேட் சீருடை. ஆர்லிங்டனில் அவர் கிடப்பதோ தெற்கத்தியருக்கென்று ஒதுக்கிய பகுதியில் இல்லை, அமெரிக்க ராணுவத்தின் ஓய்வுபெற்ற ஜெனரலாக. 2009இல் அலபாமா தன் இன்னொரு சிலையை மாற்றி ஹெலன் கெல்லரைச் சிறுமியாக, தண்ணீர்க் குழாய் அருகே நிற்கிற மாதிரி வைத்தது. கெல்லரும் இந்தப் பக்கத்துக்காரர், டஸ்கம்பியா. அவர் அப்பாவும் கான்ஃபெடரேட் ராணுவத்தில் கேப்டன்.

#18 பொன்னி

சிலையை எடுக்கச் சொல்லிப் பேச்சு வரவில்லையா?

#19 சட்டப்புள்ளி

வந்தது. கேபிடலிலிருந்து கான்ஃபெடரேட் சிலைகளை எடுக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2020லும் 2021லும் நிறைவேற்றியது. இரண்டு தடவையும் செனட்டில் நகரவில்லை. அது நடக்காவிட்டால் வழி ஒன்றுதான்: மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, ஆளுநர் கையெழுத்திட்டு, வேறு யார் சிலை என்று சொல்லி, செலவையும் தானே ஏற்க வேண்டும். வெர்ஜீனியா 2020 டிசம்பரில் லீ சிலையை அப்படி எடுத்தது. அலபாமாவில் வீலருக்கு அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

#20 கடிவாளம்

மாஸ்பிக்குத் தனி இழை போடுங்கள் ஏடுபுரட்டி. ஹாங்காங்கில் அமெரிக்கத் தூதரகத்தின் ஊழலைத் தோண்டப்போய் அவர் பட்ட பாடு இங்கே ஒரு பதிவில் அடங்காது.